பீட் தொட்டிக்கு வாங்கிப் போட்ட உரங்கள்: வேலந்தாவளத்திலிருந்து ஒரு கணக்கு

போன வருடம் சித்திரையில் ஆரம்பித்து இந்த ஆனி வரைக்கும் என் 220 தொட்டிக்கு விதவிதமாக உரம் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். வேலந்தாவளம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். எல்லாம் வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டி நிழல்வலைக்குக் கீழே இருக்கும் செடிகள். பாதி அக்லோனிமா. மீதி ஆந்தூரியம், ஸ்பாத்திஃபில்லம், கலாத்தியா, டிரசீனா. வளர்த்துக் கோயமுத்தூர், பாலக்காடு இரண்டு பக்கமும் கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள் இரண்டு மாதம் கழித்துப் போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இதுக்கு என்ன உரம் போடறது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது எதையாவது விட்டுவிடுகிறேன். அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. 19:19:19 என்றோ கால்சியம் நைட்ரேட் என்றோ பெயர் போட்டு விற்றால் அதில் எத்தனை சதம் சத்து இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையே வரையறுத்திருக்கிறது. பாக்கெட்டில் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும். மூன்று எண் போட்டிருந்தால் அது வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எத்தனை சதம் என்று அர்த்தம்.

முதலில் பீட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அந்த வார்த்தையைச் சொன்னாலே தேங்காய் நார்க்கழிவுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பொள்ளாச்சி பக்கத்தில் இருந்துகொண்டு வேறு என்ன நினைப்பார்கள்? நான் சொல்வது பீட் மாஸ். குளிர் நாட்டுச் சதுப்பு நிலங்களில் ஸ்பாக்னம் என்ற பாசி காற்றுப் படாமல் அரைகுறையாக மக்கி, அடுக்கு அடுக்காகச் சேர்ந்தது. வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேருமாம். நான் வாங்குவது லாட்வியாவிலிருந்து அழுத்திக் கட்டி வருகிற மூட்டை. திசு வளர்ப்புக் கன்றுகள் பீட்டில்தான் வந்து இறங்குகின்றன. அதே பீட்டில் தொடர்ந்தால் வேர் தயங்காமல் ஓடுகிறது. அதற்காகத்தான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நார்க்கழிவும் பீட்டும் பார்வைக்கு ஒரே பழுப்பு. உர விஷயத்தில் இரண்டும் ஒன்றில்லை. நார்க்கழிவில் சாம்பல்சத்து தானாகவே கொஞ்சம் இருக்கும். பீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கிடையாது. அதோடு பச்சை பீட்டின் பி.எச். 4 பக்கம் இருக்கும், நல்ல புளிப்பு. டாலமைட் சுண்ணாம்பு கலந்து 5.5, 6 வரைக்கும் கொண்டுவந்த பிறகுதான் செடி வைக்க வேண்டும். மூட்டையில் ஏற்கெனவே சுண்ணாம்பு சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, தோட்டத்து மண்ணில் போட்ட மணிச்சத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். பீட்டில் களிமண் ஏது? தண்ணீர் ஊற்ற ஊற்ற மணிச்சத்தும் நைட்ரேட்டும் கீழே வடிந்து போய்விடும். ஆக, தென்னைக்குப் போடுகிற மாதிரி வருடத்துக்கு இரண்டு தடவை அள்ளிப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

சரி, உரத்துக்கு வருகிறேன்.

19:19:19. பொள்ளாச்சியில் ஒரு உரக்கடையில் கிலோ 210 ரூபாய்க்கு வாங்கினேன். நல்லாக் கரைகிறது, அடியில் மண்டி தங்குவதில்லை. முதல் நான்கு மாதம் இதை மட்டும்தான் கொடுத்தேன், லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு தடவை. லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் தழைச்சத்து 190 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 190 மில்லிகிராம் வரும். முதல் இரண்டு மாதம் அக்லோனிமா இலை பளபளவென்று வந்தது. எனக்கும் சந்தோஷம். ஆவணி வாக்கில் ஆந்தூரியத்தில் கோளாறு தெரிய ஆரம்பித்தது. பூ விரிந்த இரண்டாம் நாளே மடலின் கீழ் ஓரம் நிறம் கெட்டு, நீர் கோத்த மாதிரி ஆகி, அப்புறம் காய்ந்து பழுப்பாகிவிடும். பூச்சி என்று நினைத்து இரண்டு தடவை மருந்து அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஸ்பாத்திஃபில்லத்தில் வேறு மாதிரி: அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, நடுவில் மட்டும் பச்சை நின்றது.

பாக்கெட்டின் பின்பக்கத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 19 சதத் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா, கொஞ்சம் அமோனியா, நைட்ரேட் 4 சதம்தான். கால்சியம் இல்லை. மெக்னீசியம் இல்லை. மண்ணில் இருக்கிற செடிக்கு இவை இரண்டும் மண்ணிலிருந்தே கிடைத்துவிடும். பீட்டில் நாம் கலந்த டாலமைட்தான் கையிருப்பு, அது தீர்ந்தால் வேறு வழி இல்லை. அது மட்டுமல்ல, யூரியா அமோனியாவாகி, அமோனியா நைட்ரேட்டாக மாறுவதற்கு நுண்ணுயிர் வேலை செய்ய வேண்டும். புளிப்பான பீட்டில் அந்த வேலை மெதுவாக நடக்கும். ஆந்தூரியம் மடல் கெட்டதற்குக் கால்சியம் பற்றாக்குறை காரணம். ஸ்பாத்திஃபில்லம் அடி இலை மஞ்சளானதற்கு மெக்னீசியம்.

19:19:19 மோசமான உரம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் அது இல்லாமல் என் வேலை நடக்காது. அதை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். தவிர, இலைக்காக வளர்க்கிற செடிக்கு மூன்று சத்தும் சரிசமமாக வேண்டியதில்லை. ஃபுளோரிடாவில் இலைச் செடி வளர்க்கிறவர்கள் ரொம்ப நாளாகப் பிடித்து வருவது 3:1:2 என்ற அளவு, அதாவது தழைச்சத்து மூன்று பங்கு, மணிச்சத்து ஒரு பங்கு, சாம்பல்சத்து இரண்டு பங்கு. நாம் 19 சதம் மணிச்சத்துக்குக் காசு கொடுத்து அதில் பாதியை வடிகாலில் விடுகிறோம்.

கால்சியம் நைட்ரேட். கிலோ 95 ரூபாய். தழைச்சத்து 15.5 சதம், அதில் பெரும்பகுதி நைட்ரேட்டாகவே இருக்கிறது. கால்சியம் 18.8 சதம். நான் வாங்கினதிலேயே கொடுத்த காசுக்கு மேல் பலன் தந்தது இதுதான். வாங்கின புதிதில் ஒரு தப்புச் செய்தேன். வேலை மிச்சம் என்று ஒரு லிட்டர் பாட்டிலில் 19:19:19, கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) மூன்றையும் கெட்டியாகக் கரைத்து வைத்தேன். கண் முன்னாலேயே தண்ணீர் மோர் மாதிரி வெளுத்தது. அரை மணி நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரம் வெள்ளை மாவு. கலக்கினால் எழும்பும், விட்டால் படியும். கால்சியம் போய் மணிச்சத்தையும் கந்தகத்தையும் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிட்டது. செடிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் பாட்டிலுக்கு அடியில். அன்றிலிருந்து கால்சியம் நைட்ரேட்டுக்கும் மற்ற இரண்டுக்கும் வாளி வேறு, நாள் வேறு. மூட்டையைத் திறந்தால் உடனே கட்டிவிடுங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து ஒரே நாளில் கூழாகிவிடும். எங்கள் மழைக்காலத்தில் ஒரு ராத்திரியே போதும்.

இப்போது நான் கொடுக்கிறது இப்படி. திங்கட்கிழமை 10 லிட்டர் வாளிக்கு 19:19:19 மூன்றரை கிராம், 13:00:45 (பொட்டாசியம் நைட்ரேட்) ஒன்றரை கிராம். வியாழக்கிழமை கால்சியம் நைட்ரேட் 6 கிராம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை திங்கட்கிழமை வாளியில் எப்சம் உப்பு 5 கிராம். ஒவ்வொரு தடவையும் தழைச்சத்து 90 பி.பி.எம். ஒட்டி வரும். இரண்டு நாளையும் கூட்டிப் பார்த்தால் 2.7:1:2, நமக்கு வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தட்டான் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு இதற்கு ஆகாது. ஆறு வாளியில் என் 220 தொட்டியும் முடிந்துவிடும். ஒரு கிலோ 19:19:19 பத்து, பதினொரு மாதம் வருகிறது. கால்சியம் நைட்ரேட் ஒரு கிலோ ஆறு மாதம். நாலைந்து தொட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் கால் கிலோ பாக்கெட்டே வாங்குங்கள், போதும்.

ஐப்பசியில் விரிந்த ஆந்தூரியம் மடலில் ஓரம் கெடவில்லை. முன்னால் கெட்டது கெட்டதுதான், பழைய மடல் திரும்பாது. புதுசைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்பாத்திஃபில்லமும் அப்படித்தான். மஞ்சளான அடி இலையை வெட்டி எடுத்துவிட்டேன், அதற்கு மேல் ஏறவில்லை.

பூச்சு உரம். மணி மணியாக, மஞ்சளும் பழுப்புமாக, மேலே பிசின் பூசியது. அரைக் கிலோ 450 ரூபாய். "ஒரு தடவை போட்டாப் போதும்க்கா, நாலு மாசம் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றார் கடைக்காரத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, பாக்கெட்டிலும் மூன்று நான்கு மாதம் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கு 21 டிகிரி வெப்பத்துக்கு. நான் போட்டது பங்குனியில். நிழல்வலைக்குக் கீழேயே மதியம் 38 டிகிரி. மணிக்குள் ஈரம் புகுந்து சத்தைக் கரைத்து மெல்ல வெளியே விடுகிற ஏற்பாடு அது. வெயில் ஏற ஏற வேகமாக விடும். தண்ணீரைக் குறைத்தும் அதை நிறுத்த முடியாது. அளவும் தப்பு. ஆறு அங்குலத் தொட்டிக்கு நான்கைந்து கிராம் போதும் என்கிற இடத்தில் ஒரு மேஜைக்கரண்டி நிறையப் போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் 40 அக்லோனிமாவில் நுனி கருக ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சி வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, "வளம் கூடிப்போயி" என்றார். மலையாளத்தில் உரத்துக்கு வளம் என்று பெயர். அவர் சொன்ன பிறகுதான் மேல் பீட்டோடு மணிகளைச் சுரண்டி எடுத்தேன். பல மணிகளை விரலால் நசுக்கினால் பட்டென்று தண்ணீர் மட்டும் தெறித்தது, உள்ளே உப்பு இல்லை. நான்கு மாதத்துக்கானது ஐந்து வாரத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. காலி மணியும் நிறைந்த மணியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். நசுக்கிப் பார்க்காமல் மறுபடியும் போட்டுவிடாதீர்கள். இதை நான் இனியும் வாங்குவேன், ஆனால் ஆடி முதல் கார்த்திகை வரைதான், பாதி அளவு. ஊருக்குப் போய் வருகிறவர்கள், ஃபிளாட்டில் இரண்டு மூன்று செடி வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு இது நல்ல பொருள். கோடையில் வேண்டாம்.

இனி தண்ணீர். இதை உர விமர்சனத்தில் எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் போர் தண்ணீரே ஒரு உரம் மாதிரிதான், அதுவும் வேண்டாத உரம். மேற்கே போகப் போக மழையும் பசுமையும். எங்கள் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் மழை குறைவு, போர் ஆழம், தண்ணீர் சப்பைத் தண்ணீர் (கடின நீர்). குடத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால் பீட்டின் புளிப்பு முறிந்து பி.எச். ஏறிக்கொண்டே போகும். போன மாசியில் தொட்டியிலிருந்து வடிந்த தண்ணீரைச் சோதித்தால் 7.1. கொழுந்து இலை வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து பீட்டில் இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை.

அதற்கு முதலில் வாங்கினது இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பு, அதாவது இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிற ஒரு பொருளோடு சேர்த்தது. பலன் இல்லை. பி.எச். 6-க்குக் கொஞ்சம் மேலே போனாலே அது இரும்பை விட்டுவிடும். அடுத்து வாங்கினது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) இரும்பு, 100 கிராம் 180 ரூபாய். கரைத்தால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி அடர்சிவப்பு. இது 7-ஐத் தாண்டினாலும் தாங்கும். மூன்று வாரத்தில் புதுக்கொழுந்து பச்சையாக வந்தது. துணியில் பட்டால் கறை போகாது, பழைய சேலை கட்டிக்கொண்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர்க்காரர்கள் இரும்பு வாங்கினால் இந்த எழுத்துகளைச் சரிபார்த்து வாங்குங்கள்.

ஆனாலும் மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பதைவிட நோயை நிறுத்துவது நல்லது. கூரையிலிருந்து குழாய் இறக்கி 2000 லிட்டர் தொட்டியில் மழைத் தண்ணீர் பிடிக்கிறோம். வீட்டுக்காரர் வைகாசிக் கடைசியில் கூரையைக் கழுவி விட்டுவிடுவார். மழை இருக்கும்வரை உரம் கரைப்பது அதில்தான். கோடையில் பாதிக்குப் பாதி. டிரசீனா, கலாத்தியா இரண்டுக்கும் மட்டும் எப்பாடு பட்டாவது முழுக்க மழைத் தண்ணீர். பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது தெரிந்த விஷயம். இந்த இரண்டு செடிக்கும் ஃபுளோரைடு துளியும் ஆகாது, நுனி கருகிவிடும். இதே காரணத்துக்காக இவற்றின் தொட்டியில் சூப்பர் பாஸ்பேட் கலக்காதீர்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு. மாந்தோப்புக்கு வாங்கி மிச்சம் இருக்கிறதே என்று ஒரு பிடி போடுவது எங்கள் பக்கம் பழக்கம். நானும் போட்டிருக்கிறேன்.

மீட்டர். உப்பின் அளவு காட்டும் ஈ.சி. மீட்டர் 850 ரூபாய். உரத்தில் செலவு செய்வதற்கு முன்னால் இதில் செலவு செய்யுங்கள் என்று என்னிடம் செடி வாங்குகிற எல்லாரிடமும் சொல்கிறேன். செடிக்குத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, தொட்டிக்கு மேலே அரை டம்ளர் மழைத் தண்ணீர் ஊற்றினால் கீழே தட்டில் கொஞ்சம் வடியும். அதில் மீட்டரை நனைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு 1-க்கும் 2-க்கும் நடுவில் (மில்லிசீமன்ஸ்/செ.மீ. கணக்கில்) இருந்தால் போதும். அரைக்குக் கீழே போனால் செடி பட்டினி. கருகிய 40 அக்லோனிமாவில் மீட்டர் வாங்கின அன்றைக்கு 3.8 காட்டியது. இந்த மீட்டர் அப்போதே கையில் இருந்திருந்தால் இரண்டாவது வாரமே பிடித்திருப்பேன்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். காலையில் நனைத்த பீட் சாயங்காலம் வறண்டு, தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். அந்த இடுக்கில் சுண்டுவிரல் நகம் நுழையும். அப்போது ஊற்றினால் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஒரே ஓட்டமாகக் கீழே போய்விடும். தட்டு நிறைந்திருக்கும், கவிழ்த்துப் பார்த்தால் நடுப் பீட் பொடியாக இருக்கும். காய்ந்த பீட் தண்ணீரைத் தள்ளிவிடும் குணமுள்ளது. அந்த நிலையில் உரத் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கத்து வேருக்கு மட்டும் சூடு வைத்த மாதிரி ஆகும். தொட்டியை வாளியில் கால் மணி நேரம் அமிழ்த்தி வைத்து, குமிழி நின்ற பிறகு எடுத்து, மறுநாள் உரம் கொடுங்கள்.

சில பொருளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். கடலைப் புண்ணாக்குக் கரைசல்: என் அத்தை முப்பது வருடமாக ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் ஊற்றுகிறார், அவர் செடிகளைப் பார்த்தால் கண் நிறையும். பீட் தொட்டியில் ஊற்றினேன், மேலே பூசணம் பிடித்துச் சின்னக் கருப்பு ஈ மொய்த்தது. மண்ணுக்கு அமிர்தம், இதற்கு வேண்டாம். அடுத்து, "ஆர்க்கிட் ஸ்பெஷல்" என்று ஒரு ஊரில் ஒரு கடையில் கொடுத்த ரோஸ் நிறப் பொடி. பிளாஸ்டிக் கவரில் கட்டியது, எண்ணும் இல்லை, எடையும் இல்லை, 150 ரூபாய். என்ன இருக்கிறது என்று கேட்டதற்குக் கடைக்காரருக்கே தெரியவில்லை. எண் போடாத பொடியை எவ்வளவு அழகாகப் பேசி விற்றாலும் வாங்காதீர்கள். கடைசியாக எப்சம் உப்பு, கிலோ 60 ரூபாய். மெக்னீசியம் 9.6 சதம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது 20 அக்லோனிமாவில் பீட் பாதி, கழுவின நார்க்கழிவு பாதி கலந்து வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான வருடத்துச் சதுப்பைக் கப்பலில் இறக்கித் தொட்டியில் போடுவது மனதுக்குச் சங்கடமாகவே இருக்கிறது, அதுவும் தோப்பு முழுக்க மட்டை கிடக்கும்போது. நார்க்கழிவு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த 20-க்கும் வியாழக்கிழமை வாளியில் 6 கிராமுக்குப் பதில் 8 கிராம், திங்கட்கிழமை 13:00:45 கிடையாது. ஏழு வாரம் ஆகிறது. மீட்டர் 1.4 காட்டுகிறது, மூன்றாவது இலை விரிகிறது.